பொலிசில் முடிந்த கலியாணம்

சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்களுக்கு உதவவென்று, கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலய மண்டபத்தில் சில பெண்கள் கூடுவார்கள். சோற்றுப் பார்சல் தருவார்கள், அறை பிடித்துத் தருவார்கள், எந்த பஸ் எங்கே போகும் என்று சொல்லித் தருவார்கள். எனக்குக் கிடைத்த அறை, அவர்களில் ஆக வாய்க்காரியான அக்காவின் வீட்டுப் பின்பக்கம்.

அறை மட்டும் போதாது. பொலிசில் பதிய வேண்டும். பதியாதவன் சோதனையில் அகப்பட்டால் உள்ளேதான். அந்நியன் என்றால் கேள்வி கூடும் என்று, என்னைத் தன் ஒன்றுவிட்ட தம்பியாக்கிக் கூட்டிப்போனார் அக்கா.

"நீங்க வாயே திறக்க வேணாம் தம்பி. சும்மா சிரிச்சிக்கிட்டு நில்லுங்க."

வாய் திறக்காமல் நிற்பது எனக்குப் பெரிய வேலையில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதற்கே, வாத்தியார் கேள்வி கேட்பார் என்ற பயம்தான் பாதிக் காரணம்.

ஆனால் பழக்கம் விடவில்லை. காலையில் குளித்ததும் நெற்றி நிறையத் திருநீறு பூசிவிட்டேன். அக்காவின் கழுத்திலோ சிலுவை. மேசைக்கு முன்னால் போய் நின்ற பிறகுதான் அக்கா என் நெற்றியைப் பார்த்தார். பொலிஸ்காரரும் பார்த்தார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். அக்கா கையை ஆட்டி ஆட்டி நீளமாகப் பதில் சொன்னார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொன்னபடி சிரித்தேன்.

அவர் என் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்: "அப்போ நீ சைவப் பொண்ணை லவ் பண்ணி, சாமியை மாத்தினது?"

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அதுவரை ஒரு பெண்ணிடம் நேரம்கூடக் கேட்டதில்லை.

"பொஞ்சாதி பேர் என்ன?"

முகம் சுட்டது. காது சுட்டது. தரையைப் பார்த்தேன். அக்கா முந்திக்கொண்டு அவரிடம் சொன்னார்:

"பாருங்க மாத்தயா, பேரைச் சொல்லவே வெக்கம்!"

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இவ்வளவு வெட்கம் பொய்க்கு வராது என்று நினைத்தாரோ என்னவோ, பதிந்து முத்திரையும் குத்தித் தந்தார். சிங்களத்தில் தம்பி முறை வைத்தும் கூப்பிட்டார்: "மல்லி, அடுத்த முறை பொஞ்சாதியையும் கூட்டிட்டு வா."

வெளியே வந்ததும், "அக்கா, அடுத்த முறை மனுசிக்கு எங்க போறது?" என்றேன். அன்றைக்கு நான் வாய் திறந்தது அப்போதுதான்.

அக்கா நேரே மண்டபத்துக்குப் போய், பார்சல் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இவருக்கு அறையும் முடிஞ்சிது, பதிவும் முடிஞ்சிது. இனி ஒரு பொண்ணு பாக்கணும். சைவமா பாருங்க, பொலிசுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கேன்."