ரோஸ் அட்டைப் புத்தகம்

நேற்று ஆதார் நகல் எடுக்கப் போனேன். இயந்திரத்திலிருந்து சுடச்சுட வந்து விழுந்த தாளின் மை வாசனை, என்னைச் சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது. உங்களிடம் இதுவரை இதைச் சொன்னதில்லை. வெட்கம்தான் காரணம்.

இரண்டாயிரத்து இரண்டு வாக்கில் இருக்கும். பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு, கொல்லிமலையில் வளப்பூர் நாடு என்ற எங்கள் ஊரில் அண்ணனோடு மிளகு பறித்துக்கொண்டிருந்தேன். கூடப் படித்தவன் ஒருவன், "இனி வெப்சைட் எழுதறவனுக்குத்தான் வேல. அதுலயும் ஆப்ஜெக்ட் வச்சு எழுதத் தெரியோணும்" என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்குப் பஸ் ஏறினான். ஆப்ஜெக்ட் என்றால் என்ன என்று கேட்பதற்குள் பஸ் கிளம்பிவிட்டது.

சரி, புத்தகம் வாங்கிப் படித்துக்கொள்வோம் என்று அந்தச் சந்துக் கடைக்குப் போனேன். அசல் புத்தகங்கள் தலையணை தடிமன். விலையைப் பார்த்ததும் கை தானாகப் பின்வாங்கியது. நகலெடுத்து பைண்டு செய்தவை கீழ்த்தட்டில் இருந்தன. ஒன்றின் தலைப்பில் வெப் இருந்தது, ஆப்ஜெக்ட் இல்லை. இன்னொன்றில் ஆப்ஜெக்ட் இருந்தது, வெப் இல்லை. ரோஸ் அட்டை போட்ட மூன்றாவதில் இரண்டும் இருந்தன. அரை நாள் நின்று நான் செய்த ஆராய்ச்சி அவ்வளவுதான்.

கம்ப்யூட்டரைக் கல்லூரியில் மூன்று பேருக்கு ஒன்று என்று தொட்டதோடு சரி. மலையில் நோட்டில் எழுதி மனசுக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பேன். என் நிரல்களில் ஒரு பிழைகூட வந்ததில்லை, பாருங்கள்.

முதல் பாதி தெளிவாகவே போனது. நடுப்பக்கத்தைத் தாண்டியதும் திடீரென்று நிரலில் வரும் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் டாலர் குறி முளைத்தது. மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். வாசலில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்த அண்ணி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இங்கிருந்து எழுத்தே வேற மாதிரி இருக்குதுங்களே."

"அது அப்படித்தானுங்க அண்ணி. உங்களுக்குப் புரியாது."

எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். வீட்டுக்குள் லுங்கியோடு இருக்கலாம். நாமக்கல்லுக்கு பஸ் ஏறினால் பேன்ட் போட வேண்டும். அதுபோல வெப்புக்குப் போகும் பெயர்கள் டாலர் போட்டுக்கொள்கின்றன. இதை ஓரத்தில் பென்சிலால் எழுதியும் வைத்தேன். எட்டு மாதம் இப்படிப் படித்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன நிறுவனத்தில் தேர்வு. தாளில் நிரல் எழுத வேண்டும். திருத்திய அம்மா என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பாதி ஜாவா, பாதி பிஎச்பி. எதுக்கு இப்படி எழுதுனீங்க?"

"புத்தகத்துல அப்படித்தானுங்க இருக்குது."

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் நடுவில் நின்றார்.

"இது ரெண்டு புத்தகங்க. வேற வேற கம்ப்யூட்டர் மொழி. டாலர் போடறது பிஎச்பி. பைண்டு பண்ணவர் மாத்தித் தச்சுட்டாரு."

ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத அண்ணிக்கு ஒரே பார்வையில் தெரிந்தது, பட்டதாரிக்குத் தெரியவில்லை. எட்டு மாதமாக, உலகத்திலேயே இல்லாத ஒரு மொழியை நான் கற்றிருக்கிறேன்.

அந்த அம்மா ஓரத்தில் இருந்த லுங்கிக் குறிப்பைப் படித்துவிட்டார். சிரிக்கவில்லை.

"தப்பான புத்தகத்துக்கே இவ்வளவு யோசிச்சிருக்கீங்க. திங்கக்கிழமை வாங்க. முதல்ல கம்ப்யூட்டர்ல உக்காந்து பழகுங்க."

வேலை கிடைத்தும் ஆத்திரம் அடங்கவில்லை. நேராகச் சேலம் போய்க் கடைக்காரரிடம் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தவருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டும் சேத்து முப்பது செட்டு ஒண்ணா பைண்டிங் குடுத்தனுங்க தம்பி. அத்தனையும் இப்படித்தான் மாறியிருக்கும். எல்லாம் வித்துப்போச்சு."

"யாரும் வந்து கேக்கலீங்களா?"

"இல்லீங்க. நீங்கதான் மொத ஆளு."

சண்டை போட வந்தவன், புத்தகத்தை மூடிப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினேன்.

இப்போது அந்தச் சந்தில் இருந்த கடைகளை இடித்துச் சாலை போட்டுவிட்டார்கள். கடை இல்லை, கடைக்காரரும் இல்லை. இன்று கம்ப்யூட்டரில் நிரல் எழுதும்போதே பிழைக்குக் கீழே சிவப்புக் கோடு வந்துவிடுகிறது. மற்ற இருபத்தொன்பது பேர் யார், எந்த ஊர் என்று எனக்குத் தெரியாது. நம் மண்டைக்கு இது ஏறாது என்று மூடி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பார்கள். இன்றைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.