பனியன் துணி மெத்தை

இன்று காலை வேஸ்ட் குடோன் ஒன்றைக் கடந்தபோது, வெயிலில் காயும் பனியன் வெட்டுத்துணியின் வாசனை, பஞ்சும் மெஷின் எண்ணெயும் கலந்து வந்து, என்னை எங்கள் ஊர் உயர்நிலைப் பள்ளி மைதானத்தில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கே இப்போது ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. அன்று, உயரம் தாண்டுகிறவர்கள் விழுவதற்காக பி.டி. வாத்தியார் அந்த வெட்டுத்துணியைத்தான் மூட்டை மூட்டையாகக் கொட்டி மெத்தை போட்டிருந்தார். சாயங்கால மணி அடித்ததும் நாங்கள் சின்ன வகுப்புப் பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். பத்தாவது படித்த முத்துமாரி அக்கா பாவாடையை இழுத்துச் செருகி, வெறுங்காலோடு ஓடிவந்து, வாத்தியாரின் தோள் உயரக் கயிற்றுக்கு மேலே ஒரு கணம் காற்றில் படுத்துக் கடந்து, வண்ணத் துணிக்குள் சத்தமில்லாமல் புதைவாள்.

தெற்கேயிருந்து பிழைக்க வந்த அவள் அப்பா, ஒருநாள் அவள் படிப்பை நிறுத்திக் கம்பெனி வேலைக்குக் கூட்டிப்போக வந்தார்.

"ஏனுங்க, புள்ள தாண்டறத ஒருக்கா பாத்துட்டுக் கூட்டிட்டுப் போங்க," என்றார் வாத்தியார்.

அக்கா தாண்டினாள். அவள் அப்பா சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் கயிற்றையே பார்த்தார்.

"இன்னொரு தடவ தாண்டு, தாயி."

தாண்டினாள். அவர் தனியாகவே சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.