வட்டிப் பணமும் பேச்சியின் கோழியும்

பேச்சி கொண்டுவந்த கோழியை அன்று வாங்கியிருந்தால், அவள் முகம் எனக்கு வேறு மாதிரி நினைவிருக்கும்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. அத்தா உடும்பஞ்சோலையில் ஏலக்காய் வாங்கி, கம்பத்து வியாபாரிகளுக்குக் கொடுப்பார். அவர்கள் செக் தர ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் பேங்கில் கணக்குத் திறந்தார். போட்டதற்கு மேல் முப்பத்தெட்டு ரூபாய் ஏறியிருப்பதாகப் பாஸ்புத்தகம் சொன்ன நாளில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வட்டி எங்களுக்கு ஹராம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டு வந்து அம்மாவிடம் சொன்னார்.

"நாமளும் திங்கக் கூடாதாம், பேங்குலயே விட்டுரவும் கூடாதாம். இல்லாதவகளுக்குக் குடுத்துக் கையக் கழுவிரணும். நன்மை கிடைக்கும்னு நெனைக்கவே கூடாதாம்."

"ஆதாயம் நெனைக்காம இருக்க ஏலக்கா யாவாரிக்கு முடியுமாக்கும்?" என்று அம்மா சிரித்தார்.

பணம் பவுடர் டப்பாவுக்குள் அலமாரி உச்சிக்குப் போனது. அதில் எனக்கொரு குடை வாங்கலாமே என்று கேட்டு, கன்னத்தில் ஓர் அறை வாங்கினேன்.

பேச்சி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் என்னோடு நாலாவது படித்தவள். என் கிழிந்த குடையில் பாதி அவளுக்கு. நான் பேசக் கூச்சப்படுவேன். எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவர்கள் குடியிருந்த எஸ்டேட் கூலிக்காரர் லயத்துக்குப் பின்னால், கழுத்தில் இறகில்லாத ஒரு கோழிக்குஞ்சை இருவரும் வளர்த்தோம். அந்த வருஷ மழையில் நிழல்மரத்துக் கிளை கழிக்க ஏறிய அவள் அப்பா விழுந்து செத்துப்போனார். அவள் அம்மாவுக்கோ இளைப்பு. வேலைக்குப் போக முடியவில்லை. கோவில்பட்டிப் பக்கம் தம்பி வீட்டுக்குப் போய்விட நினைத்தார். பஸ்ஸுக்குக் காசில்லை.

அத்தா டப்பாவை இறக்கினார். நானும் கூடப் போனேன். பணத்தைக் கொடுத்துவிட்டு, பேச்சியின் அம்மா கும்பிடுவதற்குள் அத்தா திரும்பி நடந்தார். எனக்கு ஒரே பெருமை. பேச்சியைக் கொண்டுபோகப்போகும் பணம் அது என்று உறைக்கவில்லை.

கிளம்பும் நாளில் தாயும் மகளும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பேச்சி கோழியை என்னிடம் நீட்டினாள்.

"அடிச்சுத் தின்னுராத. முட்டைக்கு வச்சுக்க."

நான் கையை நீட்டினேன். அத்தா என் கையைத் தட்டிவிட்டார்.

"வேணாந் தாயி. கொண்டுபோங்க."

"பிள்ளைக வளத்ததுதானே, ராவுத்தரய்யா."

"வேணாம்னா வேணாம்."

பேச்சியின் அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். "லயத்துக் கோழி ஒங்க ஊட்டுக்கு ஆகாதோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

அத்தா தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் கோழியை வாங்கினால் வட்டி இறகோடு வீட்டுக்குத் திரும்பியதாகிவிடும் என்று பயந்திருக்கிறார். நாங்கள் தொடாத பணத்தைத்தான் உங்களுக்குக் கொடுத்தேன் என்று அந்த அம்மாவிடம் எந்த வாயால் சொல்வார்? பேச்சி கோழியை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு திரும்பினாள். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து ஹஜ்ரத்திடம் அத்தா இதைச் சொன்னார்.

"குடுத்தப்புறம் அந்தக் காசுக்கும் உமக்கும் என்னய்யா பேச்சு? கோழி அவுக கோழி. வாங்கியிருக்கலாமே" என்றார் ஹஜ்ரத்.

பக்கத்தில் நின்று நானும் கேட்டேன். நான் பல நாள் அவரிடம் பேசவில்லை. பேச்சி இல்லாத பள்ளிக்கூடத்தையும் நாலாவதோடு விட்டேன்.

அதன்பிறகு கம்பம்மெட்டுக்குச் சரக்கு கொண்டுபோகும்போதெல்லாம் அத்தா என்னையும் கூட்டிப்போனார். கீழே தமிழ்நாட்டிலிருந்து பஸ் ஏறி வந்து நின்றால் போதும், மூட்டையை அப்படியே போட்டுவிட்டு ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே நடப்பார். ஏதோ வியாபாரி வர வேண்டும்போல என்று நினைத்துக்கொள்வேன். கோபத்தில் அவர் பக்கம் நிற்காமல் பஸ்ஸின் மறுபக்கம் போய், அந்த ஜன்னல்களில் நான் பேச்சியைத் தேடுவேன்.