ஆடுற கைக்கு ஒரு லென்ஸ்

என் இரண்டு கைகளும் ஆடும். பயப்பட ஒன்றுமில்லை, பிறவியிலேயே அப்படித்தான் என்று பொன்னேரி டாக்டர் சொல்லிவிட்டார். கும்மிடிப்பூண்டியில் எங்கள் தொழிற்சாலைக்கு எதிரே இருந்த டீக்கடையில் எனக்கு மட்டும் பெரிய கிளாஸில் பாதி டீதான் வரும். தாலி கட்டும்போது முதல் முடிச்சுக்கே அக்கா கை கொடுக்க வேண்டியதாயிற்று. "மாப்ள இப்பவே நடுங்குறாரு" என்று பந்தியில் பேசிச் சிரித்ததை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். எனக்கும் சிரிப்புதான் வரும். கேமராவைத் தொட்டால் மட்டும் வராது. நண்பன் ஒருவன் கழித்துக்கட்டிய டிஜிட்டல் கேமராவை ஆசையாக வாங்கி வைத்திருந்தேன். அதில் நான் எடுத்த படங்களில் எங்கள் வீட்டு ஆட்கள் எல்லோருக்கும் இரண்டிரண்டு மூக்கு.

மனைவி ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தாள். நாளெல்லாம் நின்றபடி வேலை. கல்யாணமான பிறகு தபால் வழியில் படிக்க ஆரம்பித்து, விட்டுவிட்டு எழுதி, ஆறு வருடத்தில் வரலாற்றில் பி.ஏ. முடித்தாள். திருவள்ளூரில் பரீட்சை. பெரியபாளையம் வழியாக என் ஓட்டை மொபெட்டில்தான் போவோம். அவள் பின்னால் உட்கார்ந்து அரசர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவாள். எனக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது.

நல்ல மார்க். பட்டமளிப்பு விழா மேடையில் ஏறி வாங்க வேண்டியவர்கள் பட்டியலில் அவள் பெயரும் இருந்தது. கூட வருகிறவர்கள் மாடியில்தான் உட்கார வேண்டும், ஃபிளாஷ் கூடாது, ஸ்டாண்டு கூடாது என்று அழைப்பிதழிலேயே அச்சடித்திருந்தார்கள்.

"அங்கயே போட்டோக்காரரு எடுப்பாரு. காசு கட்டினா ஊட்டுக்கே வந்துரும்" என்று தப்பிக்கப் பார்த்தேன்.

"அது வர்றப்ப வரட்டும். ஆறு வருசம் பரீட்சைக்கு இட்டுக்கினு போனது நீயா, அந்த போட்டோக்காரரா? நீ எடு. ஒண்ணே ஒண்ணு போதும். மூக்கு ஒண்ணா இருக்கணும்."

அந்த வருட போனஸ் லென்ஸுக்கு என்று முடிவாகிவிட்டது. பாரிமுனைப் பக்கம் ஒரு சின்னக் கடை. கடைக்கார பாய் பழவேற்காட்டுக்காரர், அதனால் நம்ம ஊர் என்ற உரிமையோடு நாற்காலி போட்டார். மேஜைமேல் மூன்று லென்ஸ்களை வைத்தார். முதலாவது சரியான கனம். மனைவி தூக்கிப் பார்த்துவிட்டு, "இத்த தூக்கினா மாடியில இருந்து நீயும் சேந்து விழுவ" என்று ஓரம் கட்டினாள். இரண்டாவது ரொம்ப தூரத்தில் இருப்பதையும் கிட்டே இழுத்துக் காட்டும், விலையும் குறைவு. என் புத்தி அதிலேயே நின்றது. மூன்றாவது அவ்வளவு தூரம் இழுக்காது, விலையும் கூட. ஆனால் அதற்குள் கையாட்டத்தை அடக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது என்றார்.

இரண்டாவதை மாட்டி எதிர்ச் சாரியில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தேன். முட்கள் குத்தாட்டம் போட்டன. மூன்றாவதை மாட்டி, பொத்தானைப் பாதி அழுத்தச் சொன்னார். உள்ளே லேசாக ஒரு முனகல். கடிகாரம் அப்படியே நின்றது. யாரோ பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டது போலிருந்தது.

"ஓடுறத எடுக்கப் போறீங்களா, நிக்கிறத எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார் பாய். "இது உங்க கையதான் நிறுத்தும். ஓடுற ஆள நிறுத்தாது."

"நான் நிப்பேன் பாய், ஓட மாட்டேன்" என்றாள் மனைவி. மூன்றாவதையே வாங்கினோம். பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொண்டுவரலாம் என்று பேச்சு.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என் உத்தியோகம் தரப் பரிசோதனை. உதிரிபாகங்களை அளந்து, தேறினால் பச்சைச் சீட்டு, தேறாவிட்டால் சிவப்புச் சீட்டு கட்டுவேன். இந்தக் கையை வைத்துக்கொண்டு அந்த வேலையில் நான் நிலைத்ததற்கு ஒரே காரணம், எதையும் கையில் பிடித்து அளப்பதில்லை என்ற பிடிவாதம்தான். முதலில் இறுக்கிக் கட்டு, அப்புறம் அள. கவரைப்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருந்த நண்பனும் அதே கட்சி. "கையில புடிச்சி பாக்கறதெல்லாம் ஒரு டெஸ்ட்டா மச்சி?" என்றான்.

சைக்கிள் டயர் ரப்பரைச் சுற்றி, லென்ஸை, இரும்பைக் கவ்விப் பிடிக்கிற பட்டறை வைஸில் வைத்து இறுக்கினோம். விரல் பட்டால்கூட ஆடும் என்று, தானாகவே எடுக்கும்படி கேமராவில் நேரம் வைத்தோம். இருட்டுப் பட்டறையின் கோடியில் தொங்கிய நாள்காட்டியை இருபது படம் எடுத்தோம். பதினாலில் எல்லாத் தேதியும் இரண்டிரண்டாகத் தெரிந்தது.

"ரிஜெக்டு. டப்பு போச்சி" என்றான் நண்பன்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஊர்க்காரர் என்று நம்பினால் இப்படித் தலையில் கட்டிவிட்டாரே என்று பாயைத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, லென்ஸில் சிவப்புச் சீட்டு கட்டினேன். அதைப் பார்த்து மனைவி சிரித்தாள். அப்புறம் விழாவுக்கு நாலே நாள்தான் என்பது ஞாபகம் வந்து சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை.

மறுநாள் இருவரும் லீவு போட்டுவிட்டு, பாயிடம் படங்களைக் காட்ட கேமராவையும் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்க லோக்கல் ரயில் ஏறினோம். பொன்னேரி தாண்டியதும் பெட்டியை ஒழுங்காக அடுக்கித் தருகிறேன் என்று பிரித்தவள், அடியில் மடித்துக் கிடந்த காகிதத்தை எடுத்தாள்.

"இத்த படிச்சீங்களா ரெண்டு பேரும்?"

"அதுல இன்னா இருக்கப் போவுது, கியாரண்டி கார்டு."

அவள் விரல் வைத்து இங்கிலீஷை ஒவ்வொரு வரியாகப் படித்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"ஸ்டாண்டுல வெச்சா ஆட்டத்த அடக்குற சுவிட்ச்ச ஆஃப் பண்ணிடணுமாம். இல்லாங்காட்டி படம் ஆடுமாம். கையில புடிச்சி எடுக்கறதுக்குத்தான் இது." நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "வைஸ்ல வெச்சி முறுக்கினீங்களே, ஆஃப் பண்ணீங்களா?"

பண்ணவில்லை. அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே எனக்குத் தெரியாது.

மீஞ்சூரில் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள். எதிர் நடைமேடையின் கோடியில் ஓர் அம்மா கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். கூரையின் நிழலில் அவர் கூடை. "எடு" என்றாள். கை வழக்கம்போல ஆடியது. எடுத்தேன். திரையில் பெரிதாக்கிப் பார்த்தால், பழத்தின் பக்கத்தில் இருந்த மிளகாய்ப்பொடிப் பொட்டலத்தின் மடிப்புகூடத் தெளிவாக இருந்தது. பத்துப் படம் எடுத்தேன், பத்தும் அப்படியே. வைஸில் சொதப்பியது என் கையில் தேறிவிட்டது. ஆடுகிற கைதான் வேண்டும் என்று கேட்கிற பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்று நினைத்தபோது நடைமேடையிலேயே ஒரு குதி குதிக்கலாம் போலிருந்தது. மனைவி சிவப்புச் சீட்டைக் கிழித்துப்போட்டுவிட்டு, அந்த அம்மாவிடமே நாலு பழம் வாங்கினாள். நண்பனுக்குப் போன் செய்து சொன்னேன். "அப்போ என் வைஸவிட உன் கை ஒஸ்தியா?" என்றான் வருத்தத்தோடு.

விழா அன்று மாடியின் முதல் வரிசையில் இடம் பிடித்தேன். கீழே மேடை எங்கேயோ இருந்தது. எல்லோருக்கும் ஒரே கறுப்பு அங்கி. அவள் பெயரைக் கூப்பிட்டதும் என் கை என்றும் ஆடாத ஆட்டம் ஆடியது. பக்கத்தில் இருந்தவர் தள்ளி உட்கார்ந்தார். பொத்தானைப் பாதி அழுத்தினேன். உள்ளே முனகல் கேட்டது. மேடை நின்றது. அவள் பட்டத்தைக் கையில் வாங்கி, கொடுத்தவரைப் பார்க்காமல் மாடியை அண்ணாந்து பார்த்து முழு வாயும் திறந்து சிரித்தாள். எடுத்துவிட்டேன். அதன்பிறகு எனக்கு ஒன்றும் தெரியவில்லை. கண் கலங்கினால் நிறுத்த அந்த லென்ஸில் ஏற்பாடு இல்லை.

வாசலில் அங்கியோடு ஓடிவந்து படத்தைக் காட்டச் சொன்னாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். மூக்கு ஒன்றுதான் இருந்தது.

"அவ்ளோ கூட்டத்துல நான் எங்க இருக்கேன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"மாடி ஃபுல்லா எல்லாரும் கேமராவ வெச்சிக்கினு அசையாம இருந்தாங்க" என்றாள். "ஒருத்தன் கை மட்டும் ஆடிக்கினு இருந்துச்சி. நீதான்னு தெரிஞ்சிது, சிரிச்சேன்."