மாடு பூட்டிய விமானம்

வாழ்க்கையில் நான் தயாராகிப் போய் நின்ற சோதனை ஒன்றே ஒன்றுதான். அதில் பேனாவுக்கு வேலை இல்லை, கையை ஆட்டினால் போதும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு அதைவிட வாய்ப்பான சோதனை கிடைக்காது என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்போது உலக யுத்த காலம். மன்னார்த் தீவில் உடைமரங்களை வெட்டித் தள்ளி, கிரவல் மண் கொட்டி, உருளை போட்டு உருட்டி, வெள்ளைக்காரரின் விமானப்படைக்கு ஓர் இறங்குதளம் போட்டார்கள். அதற்குக் கல் உடைத்தவர்களில் நானும் ஒருவன். அதற்கு முன் தலைமன்னார்த் துறையில் மூட்டை சுமந்தேன். வெள்ளாங்குளத்துப் பக்கம் காட்டில் மரம் தறித்தேன். முசலிக் கரையில் மீன்பிடிக்கப் போய், முதல் நாளே வயிற்றில் இருந்ததையெல்லாம் கடலுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். பிறந்தது அடம்பனில், வயலும் மாடும் உள்ள வீட்டில். அங்கேயே இருந்திருந்தால் சோற்றுக்குக் குறைவில்லை. எனக்குத்தான் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. போன இடங்களிலும் இருந்துவிட்டுப் போ என்று யாரும் மறித்ததில்லை.

கல் உடைப்பதில் உள்ளங்கை வெடிக்கும். தண்ணீர் உவர். காய்ச்சல் வந்தால் கொயினா தருவார்கள், அதை விழுங்கிவிட்டு மறுபடி உடைக்கப் போகலாம். தளம் முடிந்ததும் எங்களையெல்லாம் வேறெங்கோ றோட்டுக்குக் கல் உடைக்க அனுப்பப் போவதாகச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் தளத்தில் வேலை செய்ய ஆட்களைப் பழக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தது. பழகி முடிந்ததும் கொழும்பிலிருந்து ஓர் அதிகாரி வந்து சோதிப்பார். தேறினவனுக்குக் கையில் கட்ட ஒரு நீலப் பட்டி, படுக்கக் கூரையுள்ள கொட்டில், சமைத்த சாப்பாடு. தவறினவன் மீண்டும் கல்லுக்கு. முதல் ஆளாகப் போய்ப் பெயர் கொடுத்தேன்.

எங்களைப் பழக்கியவர் ஒரு வெள்ளைக்காரச் சார்ஜன். எஞ்சின்களோடு இருந்து இருந்து ஒரு காது முழுக்கவும் மற்றக் காது முக்காலும் போனவர். அவர் பேச்சைத் தமிழில் சொல்லக் கந்தோரிலிருந்து ஒரு கிளாக்கர் வருவார். தீவில் பிறந்த கத்தோலிக்கர், வெள்ளைக் காற்சட்டையில் மண் படாமல் நடப்பதே அவருக்குப் பாதி வேலை.

விமானத்துக்கு ஊற்றும் பெற்றோலை, தூசி போக, மெல்லிய தோலில் வடிக்கப் பழகினோம். நெருப்புக்கு மண் எறியப் பழகினோம். தளத்துக்குள் வரும் கழுதைகளைத் துரத்தினோம். அதற்குப் பழக்கம் தேவைப்படவில்லை. எல்லாவற்றிலும் பெரிய பாடம் இறங்கிய விமானத்தைக் கையசைத்து அதன் இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துவது. இரண்டு கைகளையும் உயர்த்தித் தன் பக்கம் வளைத்தால் வா. ஒரு கையால் ஒரு பக்கச் சக்கரத்தை, எங்கள் பேச்சில் சில்லை, காட்டி மறு கையை வளைத்தால் அந்தப் பக்கம் திரும்பு. தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே பிடித்தால் நில். இவ்வளவுதான்.

ஆனால் பழகுவதற்கு விமானம் இல்லை. இருந்த விமானங்கள் எல்லாம் யுத்தத்துக்குப் போயிருந்தன. சார்ஜன் ஒரு மாட்டு வண்டியைப் பிடித்து, இரண்டு பக்கமும் நீளப் பலகை கட்டிச் சிறகாக்கினார். கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு தானே விமானி போல மேலே ஏறி உட்கார்ந்தார். அவருக்கு மாடு ஓட்டத் தெரியாது. மாடுகளுக்கும் அது தெரிந்துவிட்டது.

என்னோடு பழகியவர்கள் பெரும்பாலும் கடல் தொழில்காரர். அவர்கள் கையை எவ்வளவு ஒழுங்காக வளைத்தாலும் மாடுகள் அசை போட்டுக்கொண்டு நின்றன, அல்லது நிழலைப் பார்த்து நடந்தன. சார்ஜன் முகம் சிவந்து ஏதோ கத்தினார். கிளாக்கர் அதில் நாகரிகமான பகுதியை மட்டும் தமிழில் சொன்னார்.

என் முறை வந்தது. வண்டியில் பூட்டியிருந்தவை எங்கள் அடம்பன் பக்கத்து மாடுகள். நான் கையை உயர்த்தினேன், அதோடு வாய் தன் பாட்டில் நாக்கைச் சொடுக்கியது. மாடுகள் நேரே என்னிடம் வந்தன. சில்லைக் காட்டினேன், தொண்டைக்குள் ஓர் உறுமல் வந்தது. திரும்பின. “ஓ...” என்றேன். நின்றன. நின்ற பிறகு, அழகாக இருக்கட்டும் என்று, கைகளைத் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தேன். சார்ஜன் வண்டியிலிருந்து குதித்து வந்து என் முதுகில் தட்டினார்.

“சார்ஜன் இவ்வளவு தெளிவான கையை எங்கயும் கண்டதில்லையாம்,” என்றார் கிளாக்கர்.

அதன் பிறகு மற்றவர்களுக்குச் செய்து காட்டும் ஆள் நான்தான். பக்கத்தில் முசலிக்காரர் ஒருவர் நிற்பார். முஸ்லிம், என்னைவிட வயதில் மூத்தவர், ஆகையால் எனக்குக் காக்கா. தோணியில் நெடுநாள் ஓடியவர். கண்ணில் எதுவும் தப்பாது.

“தம்பி, உன்ர வாய் சும்மா இருக்குதில்லையே,” என்றார் ஒரு நாள்.

“அது பழக்கம் காக்கா. கைதான் வேலை செய்யுது.”

“ஓம், ஓம். மாடு உன்ர கையைத்தான் பாக்குது. வைக்கல் தின்னேக்கையும் உன்ர கையைத்தான் பாக்கிறது.”

பொறாமை என்று எடுத்துக்கொண்டேன். ஒருவன் வாழ்நாளில் முதல்முறையாகக் கெட்டிக்காரன் என்று பெயர் எடுக்கும்போது காதும் சார்ஜனின் காதுபோல ஆகிவிடுகிறது. நீலப் பட்டியை எந்தக் கையில் கட்டுவது என்பது பற்றிக்கூட யோசித்து வைத்திருந்தேன்.

சோதனை நாளும் வந்தது. சோதிக்க வரும் அதிகாரி விமானத்திலேயே வந்தார். அவர் பின்னிருக்கையில் இருக்க, அந்த விமானத்தைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் முதல் சோதனை. சார்ஜன் யோசிக்கவே இல்லை, என்னைத்தான் காட்டினார்.

விமானம் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டும் வெள்ளை பூசிய கல்லருகே போய் நின்றேன். விமானம் இறங்கி, தூசி கிளப்பிக்கொண்டு என்னைப் பார்த்து வந்தது. கைகளை உயர்த்தி வளைத்தேன். நாக்கைச் சொடுக்கினேன். வந்தது. வண்டி மாட்டைவிடச் சொல் கேட்கிறதே என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டேன்.

நிறுத்த வேண்டிய இடம் வந்தது. “ஓ...” என்றேன். நிற்கவில்லை.

இன்னும் உரக்க “ஓ... ஓ...” என்றேன். எஞ்சின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கைகள் அந்த நேரமெல்லாம் வா வா என்று வளைத்துக்கொண்டே இருந்தன. அவை குறுக்கே போவது மாடு நின்ற பிறகுதான். பல வாரமாக அப்படித்தான் பழகியிருந்தேன். விமானம் நிற்கட்டும், கைகளைக் குறுக்கே பிடிக்கலாம் என்று நான் காத்திருந்தேன். கைகளைக் குறுக்கே பிடிக்கட்டும், நிற்கலாம் என்று விமானி காத்திருந்தார்.

நான் ஓரடி பின்னால் வைத்தேன். அது ஓரடி முன்னால் வந்தது. இப்படியே தளத்தின் ஓரத்தைத் தாண்டினோம், மணலுக்குள் இறங்கினோம். சார்ஜன் ஓடிவருவது தெரிந்தது. கிளாக்கரும் ஓடிவந்தார், காற்சட்டையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு. குசினிக் கொட்டிலில் சோறு வடித்துக்கொண்டிருந்தவர் அகப்பையோடு வெளியே வந்து பார்த்துவிட்டு, அகப்பையைப் போட்டுவிட்டு ஓடினார். நான் “ஓ” என்றபடியே குசினியின் சாம்பல் குவியலில் மல்லாக்க விழுந்தேன்.

முன்னால் நின்ற ஆள் திடீரென்று மறைந்ததும் விமானி பயந்து எஞ்சினை நிறுத்தினார். சில்லுகள் மணலில் புதைந்தன. எல்லாம் அடங்கியது. விமானம் நின்றுவிட்டது என்று கண்டதும், சாம்பலில் கிடந்தபடியே, நான் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தேன்.

அதிகாரி கீழே இறங்கி வந்து என்னைப் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார்.

“நீ எப்ப நிக்கச் சொன்னனி எண்டு கேக்கிறார்,” என்றார் கிளாக்கர், மூச்சு வாங்க.

“கல்லடியிலயே சொல்லிட்டன், ஐயா.”

“எந்தக் கையால?”

நான் என் இரண்டு கைகளையும் பார்க்க, பின்னாலிருந்து காக்கா சொன்னார்: “வாயால, ஐயா. இவர் வாயாலதான் நிப்பாட்டிறவர்.”

கிளாக்கர் அதை இங்கிலீசில் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் வரவில்லை. புதைந்த விமானத்தைக் கிரவல் தளத்துக்கு ஏற்ற வேண்டுமே. ஆட்கள் தள்ளிப் பார்த்தார்கள், அசையவில்லை. விமானத்தின் வாலில் கயிறு கட்டி அந்த இரண்டு மாடுகளையும் பூட்டினார்கள். சார்ஜன் கயிற்றைச் சுண்டினார். மாடுகள் அவரைத் திரும்பிப் பார்த்தன. வேறு வழியில்லாமல் நான் சாம்பலைத் தட்டிக்கொண்டு போய், கையைப் பின்னால் கட்டியபடி, நாக்கைச் சொடுக்கினேன். மாடுகள் குனிந்து இழுத்தன. விமானம் பின்புறமாக மணலை விட்டு ஏறியது. “ஓ...” என்றேன். நின்றன.

சார்ஜன் என் வாயையும் மாடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். தான் அத்தனை வாரம் விமானி போலக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே வீணாக உட்கார்ந்திருந்தது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவர் கோபப்படவில்லை. மெதுவாகப் போய் ஒரு பெற்றோல் பீப்பாவில் உட்கார்ந்தார்.

மற்றவர்களின் சோதனை பிற்பகல் வரை நடந்தது. காக்கா விமானத்தை வெள்ளைக் கல்லுக்கு நேரே, ஒரு சாண்கூடப் பிசகாமல் நிறுத்தினார். மாட்டிடம் ஒரு நாளும் வெற்றி காணாததால் அவருக்குக் கையைத் தவிர வேறொன்றும் பழக்கமாகவில்லை. நீலப் பட்டியைக் கட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

“கவலைப்படாத தம்பி. மாடு ரண்டும் தேறிட்டுதாம்.”

நான் சாக்கில் என் உடுப்பைக் கட்டினேன். கல்லுக்குப் போகும் லொறி மாலையில் வரும். அது வருவதற்குள் கிளாக்கர் வந்தார்.

“நீர் போகத் தேவையில்லையாம்,” என்றார். “அடுத்த ஆக்களைப் பழக்க வேணும். சார்ஜன் இனிமேல் வண்டியில ஏறமாட்டாராம். நீர்தான் பிளேன்.”

“பட்டி தருவினமோ, ஐயா?”

“இல்லை. ஆனால் கொட்டிலும் சாப்பாடும் உண்டு. ஒரு கட்டளை இருக்கு. வண்டியில ஏறினால் வாயைத் திறக்கக் கூடாது.”

கட்டளையை மட்டும் நம்பிச் சார்ஜன் விட்டுவிடவில்லை. மறுநாள் முதல் நான் வண்டியில் ஏறும்போது அவர் வந்து தோளில் கிடந்த என் துவாயை எடுத்து என் வாயைச் சுற்றித் தானே கட்டினார். முடிச்சை இழுத்தும் பார்த்தார். புதிதாக வந்த ஆட்கள் எனக்கு ஏதோ தொற்றுநோய் என்று தள்ளி நின்றார்கள். அவர்கள் கையைக் காட்ட, நான் கயிற்றை இழுத்து அதன்படி போவேன். வா என்றால் வந்தேன், திரும்பு என்றால் திரும்பினேன். பிழையாகக் காட்டினால் பிழையாகவே போக வேண்டும் என்பது காக்காவின் உத்தரவு. பட்டி கட்டியவர் என்பதால் அவர் இப்போது எனக்கு மேலாளர். அப்படி இரண்டு முறை குசினிக்குப் போனோம். சமையல்காரர் இப்போது ஓடுவதில்லை.

அந்தப் பழக்கம் முடிவதற்குள் மாடுகள், என் கயிறு அசைய முன்பே, குறுக்கே பிடித்த கையைக் கண்டதும் நின்றன. எனக்கும் ஒவ்வொரு அசைவும் தூக்கத்திலும் பிழைக்காத அளவுக்குப் பாடமாகிவிட்டது. அதிகாரி மறுபடி வரும் செய்தி வந்ததும் துவாயைக் கீழே இறக்கிவிட்டுக் காக்காவிடம் கேட்டேன்.

“காக்கா, இந்தமுறை என்னையும் சோதனைக்கு விடுவினமோ?”

அவர் மாட்டுக்கு வைக்கல் போட்டுக்கொண்டிருந்தார்.

“பிளேனுக்கு ஆர் தம்பி சோதனை வைக்கிறது?” என்றார். பிறகு என் துவாயை மறுபடி வாய்க்கு மேலே ஏற்றிவிட்டார்.