ஆணியில் தொங்கிய கோப்பைகள்

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், பதுளையில் ஒரு தொண்டு அமைப்பின் செய்திமடலுக்கு நான் ஆசிரியராக இருந்தேன். மாடியில் அலுவலகம், கீழே தேநீர்க்கடை. காலையும் மாலையும் கேத்தலில் தேநீரும் கூடவே பிளாஸ்டிக் கோப்பைகளும் மேலே வரும். குடித்ததும் கசக்கிப் பின்ஜன்னல் வழியே வீசுவோம். ஒரு மழையில் பின்பக்க வடிகான் அடைத்துக்கொண்டு, தண்ணீர் கடைக்காரரின் சீனி மூட்டைகளுக்குள் போனது.

எங்கள் பொறுப்பாளர் யாழ்ப்பாணத்துப் பெண்மணி. அன்றே முடிவெடுத்தார்.

“இனி பிளாஸ்டிக் வேண்டாம். எல்லாரும் வீட்டிலயிருந்து ஒரு கோப்பை கொண்டு வாங்கோ. மாறிப் போகாமல் பேர் எழுதி வைப்பம்.”

சுவரில் பலகை அடித்து, வரிசையாக ஆணி அறைந்தோம். சிவப்பு கியூட்டெக்ஸ் நகப்பூச்சால் அவரே கோப்பைகளில் பெயர் எழுதினார். எங்கள் வேன் சாரதி கடைசியாக வந்ததால் அவர் கோப்பைக்குக் கதவோரத்து ஆணி கிடைத்தது.

ஜன்னலுக்கு வெளியே குப்பை நின்றுவிட்டது. சாரதி தேநீர் குடிப்பதும் நின்றுவிட்டதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வருபவர், வாயாடி. “மிஸ், வேன் டயருக்கும் பேரு எழுதிறலாமா? மாறிப் போயிறப் போவுது” என்று முதல் நாள் சிரித்தவர், பிறகு வேனுக்குள்ளேயே இருந்துகொண்டார். மாத முடிவில் வேன் சாவியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“ஏன் அண்ணை? ஆரும் ஏதும் சொன்னவையே?” என்று கேட்டார் பொறுப்பாளர்.

“யாரும் ஒண்ணும் சொல்லலங்க, மிஸ்.” சாரதி கதவோரத்தைப் பார்த்தார். “எங்க தோட்டத்துக்குக் கீழ ஒரு கடைங்க. எங்க சாதி ஆளுகளுக்கு வெளிய ஆணியில ஒரு டின்னு தொங்கும். எங்கப்பா அதுல குடிச்சிட்டு, அவரே கழுவி மாட்டணும். அதுல பேரு எழுதலங்க. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். பிளாஸ்டிக் கப்பு வந்த பொறகுதான் தோட்டத்துக் கிளாக்கரய்யாவுக்கும் எங்கப்பாவுக்கும் ஒரே கப்பு.”

“நான் குப்பையைத்தான் யோசிச்சனான்.”

“தெரியுங்க. அதனாலதான் சண்ட போடாம போறேன்.”

வடிகானை அடைக்காமல் இருப்பது நல்ல காரியம். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் எறிந்துவிடும் கோப்பை யாருக்கும் சொந்தமில்லை என்பதில் ஒருவருக்கு இவ்வளவு நிம்மதி இருந்திருக்கும் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை.

பொறுப்பாளர் பஞ்சை நகப்பூச்சு நீக்கியில் நனைத்து எல்லாப் பெயர்களையும் அழித்தார். பலகையைக் கழற்றச் சொல்லி, கோப்பைகளை ஒரு தட்டத்தில் கவிழ்த்து வைத்தார்.

“கையில அம்பிடுறதில குடிப்பம். குடிச்ச ஆள் கழுவிக் கவிழ்த்தாச் சரி.”

கேத்தல் வந்தது. சாரதியின் கோப்பையை எடுத்துப் பொறுப்பாளர் குடித்தார். சாரதி தட்டத்தின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்தார். போகும்போது சாவியையும் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் எங்கள் கணக்காளர், அதுவரை எதிலும் வாய் திறக்காதவர், வீட்டிலிருந்து ஒரு பிளாஸ்க்குடன் வந்தார். இத்தனை நாள் குடித்த கடைத் தேநீர் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம்.

சாரதி பிளாஸ்க்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நல்லதுதாங்க. குப்ப விழாது.”