நூல் ஆடாத இடம்

துணிக்கடையில் ரவிக்கைக்கு லைனிங் கிழிக்கும்போது ஒரு சத்தம் வரும். நீளமாக, பல் கூசும்படி. இன்லைன் ஸ்கேட்டின் சக்கரங்கள் நல்ல வேகத்தில் தார் ரோட்டை உதைத்துத் தள்ளும்போதும் அதே சத்தம்தான். சர்ர், சர்ர். இடது, வலது. போன வாரம் ஒரு கடையில் அதைக் கேட்டதும், எடுத்த துணியை அப்படியே மேசைமேல் போட்டுவிட்டு வெளியே வந்து வெயிலில் நின்றேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

1. லைன்

இரண்டாயிரங்களின் நடுவில் புதுச்சேரியில் ஒரு ஸ்கேட்டிங் கிளப்பில் எனக்கு அளக்கிற வேலை. சொல்லிக்கொடுப்பவர் சேவியர் மாஸ்டர். பிள்ளைகளின் ஹார்ட் ரேட், மூச்சு, தொடை பலம் பார்ப்பது நான்.

வேக ஸ்கேட்டிங்கில் கால் கொடுக்கும் பலத்தில் பெரும்பங்கைக் காற்றே தின்றுவிடும். ஆகவே வரிசையாக ஓடுவார்கள். அதற்கு லைன் என்று பெயர். முன்னால் ஓடுகிறவள் காற்றைப் பிளப்பாள். பின்னால் வருகிறவள் அந்த வெற்றிடத்தில் ஒட்டிக்கொண்டு, முன்னவளின் இடுப்பில் ஒரு கையை லேசாக வைத்தபடி வருவாள். அதே வேகம்தான், ஆனால் பின்னவளின் இதயம் குறைவாகத் துடிக்கும். எல்லாக் காற்றையும் ஒருத்தியே தாங்கக் கூடாது என்பதால் மாத்து உண்டு. பின்னால் இருப்பவள் முன்னவளின் முதுகில் இரண்டு தட்டு தட்டி, விலகி, முந்திப் போய்த் தன் முறையை எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிளப்பில் ஜோடியாக ஓடிய ஜோசஃபினும் கலைச்செல்வியும் மாத்து எடுத்ததே இல்லை. எப்போதும் ஜோசஃபின் முன்னால், கலை பின்னால். கேட்டால் ஜோசஃபின் சிரிப்பாள். "அவளுக்குக் காத்து ஆவாது மிஸ். மெட்ராஸ் பஸ்லகூட ஜன்னலை சாத்திடுவா."

ஜோசஃபின் குடும்பத்துக்குப் பிரெஞ்சுக் குடியுரிமை. ஒரு மே மாதம் எல்லாரும் பாரிஸுக்குப் போய்விட்டார்கள். கலை தனியானாள்.

2. பெல்ட்

மாநில அணிக்கான தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. ஒற்றை ஆளாக, கடிகாரத்தோடு ஓடுகிற தேர்வு. அணியில் பெயர் வந்தால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட். வேறு வழியில் கலைக்குப் படிப்பு இல்லை. அவள் அப்பா வேலை பார்த்த மில் ஓய்ந்து, அவர் இப்போது சேதராப்பட்டுத் தொழிற்பேட்டையில் வாட்ச்மேன்.

ஞாயிறு விடிகாலையில் அந்தத் தொழிற்பேட்டை ரோடுதான் எங்கள் மைதானம். கம்பெனிகள் மூடியிருக்கும். லாரி இருக்காது. அகலமான, ஆளில்லாத தார்.

கலையின் நெஞ்சில் இதயத் துடிப்பை எண்ணும் பெல்ட் கட்டி, தனியாக ஓடவிட்டு, வாட்சில் பதிந்ததைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன். கோடு ஏறியது. பிறகு, வேகம் குறையாமலே, இறங்கியது. அது லைனில் பின்னால் ஓடுகிறவளின் கோடு.

பெல்ட்டை மாற்றினேன். வாட்சை மாற்றினேன். மேலே போகும் மின்கம்பி குழப்புகிறதோ என்று வேறு ரோட்டில் ஓடவிட்டேன். கோடு இறங்கியது. இதயத்தில் ஏதாவது கோளாறோ என்ற பயத்தில் டாக்டரிடம் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரி அறையின் டிரெட்மில்லில் அவள் இதயம் படிப்படியாக ஏறியது, எங்கும் இறங்கவில்லை. "குதிரை மாதிரி இருக்கா, போய் ஓடச் சொல்லுங்க" என்றார் டாக்டர்.

3. நூல்

காற்றைக் கண்ணால் பார்க்க நூல் கட்டுவது பழைய வழி. கலையின் அப்பா மில் காலத்து நூல்கண்டிலிருந்து வெள்ளை நூல் அறுத்துக் கொடுத்தார். அவள் தோளிலும் கையிலும் ஹெல்மெட்டிலும் துண்டு துண்டாக ஒட்டினேன்.

மாஸ்டர் ஸ்கூட்டர் ஓட்ட, பின்னால் நான். கலைக்குப் பக்கத்திலேயே அவள் வேகத்தில் போனோம். நூல்கள் பின்னோக்கி விறைத்துப் பறந்தன. மாஸ்டர் வழக்கம்போல பிரெஞ்சில் "அலே! அலே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

மூடிய தீப்பெட்டி கம்பெனியைத் தாண்டினோம். நூல்கள் தொங்கிவிட்டன.

எல்லாமே. அறைக்குள் நிற்கிறவள் மேல் தொங்குவதுபோல. பக்கத்தில் என் துப்பட்டா படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கலை குனிந்தபடி அதே வேகத்தில் சறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் இடது கை மட்டும் முன்னால் நீண்டு, உள்ளங்கை விரிந்திருந்தது. மாஸ்டர் கத்துவதை நிறுத்திவிட்டார்.

"பின்காத்து மிஸ்" என்றார் மாஸ்டர். திரும்பி எதிர்த்திசையிலும் ஓடவிட்டோம். அப்போதும் தொங்கின.

கலைக்குத் தண்ணீர் கொடுத்துக் கேட்டேன். "முன்னாடி யாருடி?"

"யாரும் இல்ல மிஸ். மோதிடக் கூடாதேன்னு பாத்து ஓட்றேன், அவ்ளோதான்."

அவள் கையில் ரோமம் குத்திட்டு நிற்கவில்லை. எனக்குத்தான் நின்றது.

"டைம் வருதா? வருது. வுவாலா!" என்றார் மாஸ்டர். "நீங்க இன்னாத்துக்கு நோண்டிகினு கீறீங்க? செலக்‌ஷன் முடியட்டும். அப்பாலிக்கா பேய் ஓட்டலாம்."

4. போன்

அன்று சாயங்காலம் அரியாங்குப்பத்தில் ஓர் ஐ.எஸ்.டி. பூத். ஜோசஃபினோடு பேச வேண்டும் என்று கலைதான் என்னை இழுத்துப்போனாள். போனை எடுத்தது ஜோசஃபினின் அம்மா. கலை ரிசீவரை என் காதருகிலும் பிடித்தாள்.

"அவளுக்கு ஒடம்பே சரியில்ல கலை. சனிக்கிழம ராத்திரி ஆனா போதும், நடுத்தூக்கத்துல மூச்சு வாங்குது. போர்வைலாம் தொப்பலா நனஞ்சி போவுது. கால் ரெண்டும் கல்லு மாதிரி இறுகிடுது. டாக்டர் ஒண்ணும் இல்லன்றாரு. ஆளு பாதியாயிட்டா."

அவர்களுக்குச் சனி நள்ளிரவு தாண்டும்போது நமக்கு ஞாயிறு விடிகிறது. நான் அதைக் கலையிடம் சொல்லவில்லை. அவள் உதடு ஏற்கெனவே வெளுத்திருந்தது.

ஜோசஃபின் போனுக்கு வந்தாள். நலமா என்று கேட்கவில்லை. களைத்த, மெல்லிய குரல்.

"இன்னும் எவ்ளோ தூரம்டி இருக்கு?"

கலை ரிசீவரை வைத்துவிட்டாள்.

5. மாத்து

அடுத்த ஞாயிறு விடிகாலை, அதே ரோட்டில் தேர்வு. கலை அதே நூல்களை மறுபடி ஒட்டிக்கொண்டு வந்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்குத் தெரியணும் மிஸ்" என்றாள்.

விசில் அடித்தது. நன்றாகக் கிளம்பினாள். நானும் மாஸ்டரும் தீப்பெட்டி கம்பெனி வாசலில் நின்றிருந்தோம். எங்களைத் தாண்டும்போது நூல்கள் தொங்கின, இடது கை நீண்டது. பிறகு அந்தக் கை வெறும் காற்றில் இரண்டு தட்டு தட்டியது. கலை இடப்பக்கம் விலகி, யாரையோ சுற்றிக்கொண்டு போவதுபோல வளைந்து, மறுபடி தன் தடத்துக்கு வந்தாள்.

நூல்கள் ஒரே நொடியில் விறைத்து எழுந்தன.

அதற்குமேல் அவள் ஓடியது ஓட்டமே இல்லை. காற்று அவளை நெஞ்சில் பிடித்துத் தள்ளியது. தோள் நிமிர்ந்துவிட்டது, கால் வீச்சு குறுகிவிட்டது. முடித்ததும் ரோட்டோரம் மண்டியிட்டு வாந்தி எடுத்தாள். அணியில் வேறொரு பெண்ணின் பெயர் படிக்கப்பட்டது.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு ஒன்று சொல்வேன். கோடு இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள். பெல்ட்டைப் பாருங்கள், காற்றைப் பாருங்கள், டாக்டரிடம் காட்டுங்கள். எல்லாம் சரி என்று வந்தாலும், அந்தப் பாரம் எங்கே போனது என்று தேடுங்கள். ஓர் உடம்பிலிருந்து இறங்கிய பாரம் சும்மா கரைந்துவிடாது.

கலை அன்றே ஸ்கேட்டைக் கழற்றி மாஸ்டரிடம் நீட்டினாள். கிளப்புக்குச் சொந்தமான ஸ்கேட் அது. மாஸ்டர் வாங்கவில்லை. கண் கலங்கியிருந்தார், கோபமும் இருந்தது.

"ஏன்டி வெலகுன? அப்பிடியே போயிருந்தா இந்நேரம் டீம்ல இருப்ப. உங்கப்பன் மூஞ்சில எப்பிடி முழிப்ப?"

கலை ஸ்கேட்டை அவர் காலடியில் வைத்தாள்.

"அவ தூங்கட்டும் மாஸ்டர்."